தலைவர் கடைசியில் பேசட்டும்

பங்கிலே ஒரு சபைக்கோ சங்கத்துக்கோ தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேளை வரும்போது, நம் மக்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அவருக்குப் பேச வருமா?" ஒலிபெருக்கியின் முன் கை நடுங்காமல் நின்று, நான்கு வார்த்தை தடையின்றிப் பேசத் தெரிந்தவர் தலைவராகிவிடுகிறார். பேச்சு வராதவரோ, நாற்காலி எடுத்துப் போடுகிறவராகவும் பந்தல் கட்டுகிறவராகவும் கடைசிவரை இருந்துவிடுகிறார். பள்ளிகளிலும் இதுவே கதை. பேச்சுப் போட்டிக்குப் பரிசு உண்டு. பொறுமையாய்க் கேட்பதற்குப் பரிசு கொடுத்த பள்ளியை நான் கண்டதில்லை.

திருக்குறளின் அமைப்பு இதற்கு மாறானது. பொருட்பாலில், ஆள்பவனுக்குரிய இலக்கணங்களைக் கூறும் பகுதியில், 42-ஆவது அதிகாரமாக நிற்பது 'கேள்வி'. 'சொல்வன்மை'யோ 65-ஆவது அதிகாரம். அது அமைச்சனைப் பற்றிய பகுதியில் வருகிறது. ஆள்பவனுக்குச் செவி, அவனுக்கு எடுத்துரைப்பவனுக்கு நா. அங்கே 'கேள்வி' என்பது கற்றறிந்தோரிடம் கேட்டறிவதையே பெரிதும் குறிக்கும் என்பது உண்மைதான். எனினும், செவியை அரசனிடமும் நாவை அமைச்சனிடமும் வைத்த அந்த வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது.

கேளாத செவிக்கு என்ன விலை கொடுக்க நேரிடும் என்பதற்கு, 1977-ஆம் ஆண்டு ஒரு விமான நிலையத்தில் நிகழ்ந்த பெருந்துயரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சம்பவம் தொலைவில் நிகழ்ந்தது. பாடமோ நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்துவது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மூடுபனியில் ஒரு கேள்வி

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கானரித் தீவுகளுள் ஒன்று தெனரீஃப். 1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் யாவும் தெனரீஃபிலிருந்த சிறிய விமான நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டன. அந்த நிலையத்தில் ஒரே ஓடுபாதைதான். விமானங்கள் ஒதுங்கிச் செல்லும் பக்கப் பாதையை, வந்து நின்ற விமானங்களே அடைத்துக்கொண்டன. ஆகவே புறப்பட வேண்டியவை, ஓடுபாதையின் மீதே ஊர்ந்து அதன் மறுகோடிக்குச் சென்று, திரும்பி நின்று, பின்னரே மேலெழ வேண்டியிருந்தது.

மாலையில் இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் புறப்படத் தயாராயின. ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தைச் சேர்ந்தது, மற்றது அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தைச் சேர்ந்தது. டச்சு விமானம் முன்னே ஊர்ந்து சென்று, கோடியில் திரும்பி நின்றது. அமெரிக்க விமானம் அதன் பின்னே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது; இடையிலுள்ள ஒரு வழியில் அது ஒதுங்க வேண்டும். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு விமானம் மற்றதைக் காண இயலவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கோ இரண்டுமே தென்படவில்லை. அனைவருக்கும் மிஞ்சியிருந்தது வானொலியில் வரும் சொல் ஒன்றே.

டச்சு விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்லர். அந்நிறுவனத்தில் 747 விமானத்தை ஓட்டப் பிறருக்குக் கற்றுக்கொடுத்த தலைமைப் பயிற்சியாளர். நிறுவனத்தின் விளம்பரத்தில் இடம்பெற்ற முகம் அவருடையது. அருகே அமர்ந்திருந்த துணை விமானிக்கு இந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி உண்டா என்று சில வாரங்களுக்கு முன் சோதித்துத் தேர்வு செய்தவரும் அவரே. ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் அமர்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை விமானி எந்திரங்களின் வேகத்தைக் கூட்டத் தொடங்கினார். இன்னும் அனுமதி வரவில்லையே என்று துணை விமானி நினைவூட்டினார். தலைவர் கையை நிறுத்தி, கேட்கும்படி சொன்னார். கோபுரத்திலிருந்து ஓர் அனுமதி வந்தது. ஆனால் அது, மேலெழுந்த பின் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதற்கான அனுமதி. மேலெழுவதற்கான அனுமதி அன்று. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. ஒருமுறை தலைவரைத் தடுத்த அவர், இரண்டாம் முறை தடுக்கவில்லை. தாங்கள் புறப்படும் நிலையில் இருப்பதாக, இரு பொருள்படும் சொற்களால் கோபுரத்துக்கு அறிவித்ததோடு சரி. கோபுரத்தில் இருந்தவர், விமானம் காத்து நிற்கிறது என்று அதைப் பொருள்கொண்டார். 'சரி' என்று தொடங்கி, காத்திருங்கள் என்றார். அதே கணத்தில் அமெரிக்க விமானமும், தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகக் கூறியது. இரு குரல்களும் வானொலியில் மோதி, கிறீச்சென்ற ஓசையாயின. டச்சு விமானத்தினர் காதில் தெளிவாக விழுந்தது 'சரி' என்ற சொல் மட்டுமே.

பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு மட்டும் ஓர் ஐயம் எழுந்தது. ஓடுபாதையை விட்டு நீங்கியதும் தெரிவிப்பதாக அமெரிக்க விமானம் அடுத்துச் சொன்னதை அவர் கவனித்திருந்தார். அப்படியானால் அவர்கள் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். என்ன சொல்கிறீர் என்றார் தலைவர். பொறியாளர் மறுபடியும் கேட்டார். விலகிவிட்டார்கள் என்று தலைவர் அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் அதன்பின் பேசவில்லை. சில விநாடிகளே கழிந்தன.

583 பேர் மாண்டனர். டச்சு விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்க விமானத்தில் 61 பேர் உயிர் தப்பினர். வான்பயண வரலாற்றில், விபத்தொன்றில் இத்தனை உயிர்கள் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

அந்தத் தலைமை விமானியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவரும் இறந்தவர்களில் ஒருவர், திறமைசாலி, தீய எண்ணம் இல்லாதவர். மூடுபனி, குண்டுவெடிப்பு, பணிநேரத்தைக் குறித்த கண்டிப்பான சட்டத்தால் எழுந்த அவசரம், வானொலி ஓசை என்று காரணங்கள் பல கூடின. ஆனால் அக்காரணங்களையெல்லாம் வென்றிருக்கக்கூடிய ஒரு கேள்வி அந்த அறையில் எழுந்தது என்பதே நெஞ்சை வருத்துகிறது. உண்மையை அறிந்தவர் பின்னிருக்கையில் இருந்தார். அவர் அதை உண்மையாகச் சொல்லாமல் கேள்வியாகச் சொன்னார். ஏன்? பெரியவரிடம் பேசும்போது சிறியவர் அப்படித்தான் பேசுவார்.

இரண்டு சொற்களும் ஒரு பழக்கமும்

இதிலிருந்து விமானத் துறையினர் கற்றுக்கொண்டவை எளியவை. முதலாவது, வெறும் 'சரி' போதாது என்பது. ஓடுபாதை பற்றிய கட்டளை எதையும், கேட்டவர் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, மேலெழுதலைக் குறிக்கும் சொல்லை, அதற்கான அனுமதியைத் தரும்போதும் அதை விலக்கும்போதும் மட்டுமே பயன்படுத்துவது. மற்ற வேளைகளில் 'புறப்பாடு' என்ற பொருளுடைய வேறு சொல்லே வழங்க வேண்டும்.

மூன்றாவது பாடம் சற்றுத் தாமதமாக வந்தது. அதற்குள் 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரருகே, சக்கரக் கோளாறு ஒன்றிலேயே கவனத்தைச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானில் வட்டமிட்ட விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் குறிப்பாய்ச் சொன்னார்கள், திடமாய்ச் சொல்லவில்லை. அந்த விமானத்துக்குரிய யுனைடெட் நிறுவனம், தலைமை விமானி கேட்கவும் உடனிருப்போர் அஞ்சாமல் பேசவும் 1981-இல் பயிற்சி தரத் தொடங்கியது. இன்று அத்தகைய பயிற்சி உலகெங்கும் நடைபெறுகிறது.

அப்பயிற்சியின் பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. அதே நிறுவனத்தின் விமானமொன்றில் வால்புற எந்திரம் சிதறி, விமானத்தைத் திருப்பும் இயக்கம் அனைத்தும் செயலற்றுப் போயிற்று. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த டென்னி ஃபிட்ச் என்னும் பயிற்சி விமானியை உள்ளே வரவழைத்து, எஞ்சிய இரண்டு எந்திரங்களின் விசைப்பிடிகளை அவர் கையில் ஒப்படைத்தார். நால்வரும் கூடிக் கலந்து பேசி, சூ நகரின் ஓடுபாதைவரை விமானத்தைக் கொண்டு சேர்த்தனர். தரையிறங்கும்போது அது உடைந்து தீப்பற்றியது. ஆயினும் 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அப்படிப்பட்ட நிலையில் விமானத்தை ஓட்டிய அனுபவம் அந்த அறையில் எவருக்கும் இல்லாதபோது, தலைவன் என்பதனால் மட்டும் தனக்கு எப்படி அதிகம் தெரிந்திருக்கும் என்ற கருத்தை ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று கூறிவந்தார்.

இளையவரை ஏன் அழைக்க வேண்டும்?

விமானத் துறை இவ்வளவு விலை கொடுத்து அறிந்ததை, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு துறவி எழுதி வைத்திருந்தார். பெனடிக்ட் என்னும் புனித ஆசீர்வாதப்பர், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசினோ மலையில் வாழ்ந்தவர். அவர் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கு நூலின் முதற் சொல்லே 'கேள்' என்பதுதான். மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் எதுவாயினும் மடத்துத் தலைவர் எல்லாத் துறவியரையும் கூட்டி, விஷயத்தைத் தாமே எடுத்துரைத்து, அனைவர் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறார். மூத்தோர் நால்வரைக் கேட்டால் போதாதா? போதாது. ஏனெனில், நல்லது எது என்பதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் தருகிறார்.

இங்கே சிலர் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. எல்லாரையும் கேள் என்றவர், எல்லாரும் சேர்ந்து வாக்களித்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லவில்லை. கேட்டபின் தலைவர் தனித்துச் சிந்தித்து, தாம் நலமெனக் கண்டதைச் செய்ய வேண்டும். அதற்காகக் கடவுளுக்குக் கணக்கும் கொடுக்க வேண்டும். கருத்துச் சொல்பவரோ, தாழ்மையோடு சொல்ல வேண்டும். தம் கருத்தே வெல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கலாகாது. நம் பங்குகளில் இன்றுள்ள நிலையும் ஏறக்குறைய இதுவே. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பங்கு மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமையே உண்டு. "ஆலோசனைதானே, அதற்கு எதற்குக் கூட்டம்?" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அந்த விமானப் பொறியாளருக்கும் ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே இருந்தது.

இயலாத காரியமொன்று ஒருவருக்குக் கட்டளையிடப்பட்டால் என்ன செய்வது என்பதற்கும் அந்த ஒழுங்கு நூலில் ஓர் அதிகாரம் உண்டு, அது 68-ஆவது. அவர் அதைப் பணிவோடு ஏற்கட்டும். தம் சக்திக்கு மீறியது என்று கண்டால், தகுந்த நேரத்தில், பொறுமையோடும் செருக்கின்றியும், ஏன் இயலாது என்பதைத் தலைவரிடம் சொல்லட்டும் என்கிறது. கீழ்ப்படிதலை அவ்வளவு உயர்த்திப் பேசிய நூல், கீழ்ப்படிபவர் வாய்திறப்பதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது.

விவிலியத்தில் சீரியப் படைத்தலைவன் நாமானின் வரலாற்றை நாம் தொழுநோய் நீங்கிய புதுமையாகவே படித்துப் பழகிவிட்டோம். அரசர் இரண்டாம் நூல் ஐந்தாம் அதிகாரத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவனுக்கு வழி காட்டியவள், அவன் மனைவிக்குப் பணிவிடை செய்த அடிமைச் சிறுமி. யோர்தானில் ஏழு முறை மூழ்கச் சொன்னதைக் கேட்டு அவன் சினந்து திரும்பியபோது, அவனை மெல்லத் தேற்றி ஆற்றுக்கு அனுப்பியவர்கள் அவனுடைய ஊழியர். அரசர்களின் கடிதங்களும் வெள்ளியும் பொன்னும் சாதிக்காததை, பெயர்கூடக் குறிக்கப்படாத வேலைக்காரர்கள் சாதித்தார்கள். நாமான் மாபெரும் வீரன் என்பதைவிட, சினந்த நிலையிலும் ஊழியர் சொல்லைக் கேட்டான் என்பதே எனக்கு வியப்பாயிருக்கிறது.

வீட்டிலும் கோயிலிலும்

இனி நம் வீடுகளுக்கு வருவோம். "புரிந்ததா?" என்று நாம் பிள்ளைகளைக் கேட்கிறோம். உலகில் இதைவிடப் பயனற்ற கேள்வி வேறில்லை. புரியாத பிள்ளையும் "புரிந்தது" என்றுதான் சொல்லும். புரியவில்லை என்றால் திட்டு விழும் என்பது அதற்குத் தெரியும். "இப்போது என்ன செய்யப் போகிறாய், சொல் பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பைப் பேத்தியிடம் விடும்போது, காலையில் பாதி, இரவில் ஒன்று என்று நீங்கள் பத்து முறை சொல்வதைவிட, அவள் ஒரு முறை திருப்பிச் சொல்வது மேல். மருந்துக் கடையிலும் இதையே செய்யலாம். கடைக்காரர் அட்டையில் கோடு கிழித்துக் காட்டியவுடன் தலையாட்டிவிட்டு வராமல், "அப்படியானால் சாப்பாட்டுக்கு முன் இது, பின் அது, சரிதானே?" என்று சொல்லிக் காட்டுங்கள்.

இன்னொரு சொல் "உங்கள் இஷ்டம்." இதைத் தந்தையர் சம்மதம் என்று எண்ணிக்கொள்கின்றனர். மகளின் திருமணப் பேச்சில் அவள் "உங்க இஷ்டம்ப்பா" என்றால், அது விருப்பமாயிருக்கலாம், நாணமாயிருக்கலாம், அச்சமாயிருக்கலாம், எதிர்த்துப் பயனில்லை என்ற சலிப்பாகவும் இருக்கலாம். நான்கும் ஒரே சொல்லில் வந்து ஒளிந்துகொள்கின்றன. எது என்று அறியாமல் ஓலை எழுத வருகிற குடும்பங்களை எண்ணியே, மணமக்களைத் தனித்தனியே அழைத்து, அவரவர் முழுச் சம்மதத்தைப் பங்குக் குரு கேட்டறிகிற வழக்கம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி குருவின் அறையில்தான் முதன்முதலாகக் கேட்கப்பட வேண்டுமா? அடுப்படியில் தாய் கேட்டிருக்கலாம். திண்ணையில் தந்தை கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாய்மூடி இருந்திருக்கலாம். பலருக்கு முடியாதது அந்த இரண்டாம் பகுதிதான். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாமே சொல்லிவிடுகிறார்கள்.

குருக்களாகிய எங்களுக்கு வாய்த்த சொல் வேறு: "சாமி சொன்னால் சரிதான்." கேட்பதற்கு இனிமையானது, அதைவிட ஆபத்தான சொல் ஒரு குருவின் காதில் விழுவதற்கில்லை. கூட்டம் தொடங்கியதும் தலைவராயிருப்பவர் தம் கருத்தைச் சொல்லிவிட்டால், கூட்டம் அப்போதே முடிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் நடப்பது தேநீர் விருந்து. ஆகவே அன்பியக் கூட்டமாயினும், மகளிர் சுயஉதவிக் குழுவாயினும், பேரவையாயினும், விஷயத்தைத் தெளிவாக எடுத்துரைத்துவிட்டுத் தலைவர் அமர்ந்துவிடட்டும். வயதில் இளையவரும் புதிதாய் வந்தவரும் முதலில் பேசட்டும்; பழம் பெரியவர்கள் அடுத்து; தலைவர் கடைசியில். வாய் திறவாதவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்பது நல்லது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. அறுவை தொடங்குமுன் அறையிலுள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது எளிது.

கீழிருப்பவருக்கும் கடமை உண்டு. ஐயத்தைக் கேள்வியாக மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும், பிறகு வாசலில் நின்று "நான் அப்போதே சொன்னேன்" என்பதும் நம் ஊர் வழக்கம். விமானிகளுக்குக் கற்பிக்கும் முறை எளிது. பெரியவரைப் பெயரோ பதவியோ சொல்லி அழை. நீ கண்டதைச் சொல். என்ன செய்யலாம் என்பதையும் சொல். "ஐயா, இந்தக் கணக்கில் சென்ற மாத ரசீது இரண்டு குறைகிறது, அதைத் தேடிய பிறகு கையெழுத்துப் போடலாம்." இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? சுற்றி வளைத்து, "இல்லைங்க, அது வந்து, ஒரு தடவை பார்த்துக்கிட்டா நல்லதோ" என்று இழுத்தால், அவசரத்தில் இருக்கும் பெரியவர் காதில் அது விழாது.

திருவிழாத் தேர்ப்பவனியை எண்ணிப் பாருங்கள். விழாக்குழுத் தலைவர் முன்னே நடந்துகொண்டிருப்பார். மின்வாரியத்திடம் சொல்லித் தெருவில் மின்சாரத்தை நிறுத்தச் செய்வது குழுவின் வேலை. அதில் குறை வைக்கலாகாது. ஆனால் தேரின் உச்சிக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைக் கண்ணால் காண்பவன், பக்கவாட்டில் நடக்கும் பதினைந்து வயதுப் பையன். மேளமும் வெடியும் பாட்டும் ஒலிக்கும் நேரத்தில் அவன் யாரிடம் சொல்வான்? தலைவரிடம் ஓடிப்போய்ச் சொல்லும்வரை தேர் நிற்குமா? ஆகவே பவனிக்கு முன்பே, தேர் இழுப்போர் அனைவரையும் ஒன்றாக நிறுத்தி, 'நிறுத்து' என்ற சொல்லை யார் கத்தினாலும், சிறுவனாயினும் பெண்ணாயினும், தேர் அந்த இடத்திலேயே நிற்கும். காரணத்தைப் பிறகு கேட்கலாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்டவர்கள் அதைத் திருப்பிச் சொல்லட்டும். அந்தச் சொல்லை வேறெதற்கும் அன்றைக்குப் பயன்படுத்த வேண்டாம். பூ வைக்கவும் மெழுகுதிரி ஏற்றவும் தேரை நிற்க வைப்பதற்கு வேறு சொல் இருக்கட்டும். பையன் வீணாய் அஞ்சிக் கத்தி, தேர் ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டது என்றால், அவனை எவரும் கடிந்துகொள்ளலாகாது என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.